சிறப்புப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி: முதல் மாதத்தில் எழும் கேள்விகள்

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள் படிக்கும் சிறப்புப் பள்ளிக்கு டி.எட். அல்லது பி.எட். சிறப்புக் கல்விப் பயிற்சிக்காகப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பவை இவை. பார்வை, செவித்திறன் பிரிவுகளுக்கு பிரெய்லி, சைகை மொழி என்று தனியாகப் பேச வேண்டியவை நிறைய உண்டு. அவை இங்கே இல்லை.

முதல் நாள் வகுப்புக்குள் போகும் முன் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

பாடத்திட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கைடு டீச்சரிடம் ஐந்து விஷயங்களை மட்டும் முதலில் கேட்டு, பிள்ளைக்கு ஒரு வரி வீதம் கைநோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். யாருக்கு வலிப்பு வரும், வந்தால் எப்படி இருக்கும்? யாருக்கு விழுங்குவதில் சிரமம்? கதவு திறந்தால் ஓடுகிறவர் யார்? எதையும் வாயில் போடுகிறவர் யார்? கழிப்பறை வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் எப்படித் தெரிவிக்கிறார்கள்?

கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு பிள்ளை வயிற்றைத் தட்டும், இன்னொன்று எழுந்து நின்று ஆடும், மற்றொன்று உங்கள் துப்பட்டாவைப் பிடித்து இழுக்கும். தெரியாதவர் கண்ணுக்கு இது குறும்பு. "உட்காரு" என்பீர்கள், அடுத்த நிமிடம் பாவாடை நனைந்திருக்கும்.

எப்படி உடுத்திப் போவது?

தொங்கும் காது வளையம், நீண்ட சங்கிலி, கண்ணாடி வளையல் வேண்டாம். சேலை என்றால் முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். துப்பட்டாவை இரு தோளிலும் பின் குத்தி, ஊக்கின் முனை வெளியே தெரியாதபடி பாருங்கள். பின்னலைக் கொண்டை போட்டுக்கொள்வது நல்லது. கழுத்தில் மாட்டும் அடையாள அட்டைக் கயிற்றை வகுப்பில் கழற்றிப் பையில் வைத்துவிடலாம். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். கை பிடித்துச் செய்விக்கும் வேலை நாள் முழுக்க இருக்கும். செண்டு, மல்லிகைப்பூ வாசனை சில ஆட்டிசப் பிள்ளைகளுக்குத் தாங்காது. காரணமில்லாமல் ஒரு பிள்ளை உங்களை விட்டு விலகி விலகிப் போனால் இதையும் ஒரு முறை யோசியுங்கள்.

முதல் வாரம் பின்னால் உட்கார்ந்து பார்த்தால் போதுமா?

போதாது, அதே நேரம் உடனே பாடம் எடுக்கவும் வேண்டாம். செருப்பைக் கழற்றி வைப்பது, பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுப்பது, பாய் விரிப்பது போன்ற வழக்கமான வேலைகள் நடக்கும்போது பக்கத்தில் இருங்கள். பிள்ளையின் திறன் அங்கேதான் வெளிப்படும். நாற்காலியில் உட்காரவைத்துச் சிவப்பு அட்டையைக் காட்டினால் பார்க்காத பிள்ளை, வரிசையாகக் கிடக்கும் இருபது செருப்பில் தன்னுடையதைச் சரியாக எடுத்து மாட்டிக்கொண்டு போகும். அதை நீங்கள் எழுதி வைத்திருந்தால், நிறம் பிரிப்பதை எங்கிருந்து தொடங்குவது என்பது அடுத்த வாரம் தெரிந்துவிடும்.

பிள்ளை என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எப்படிப் பழகுவது?

"என்னைப் பாரு, என்னைப் பாரு" என்று தாடையைத் திருப்ப வேண்டாம். பக்கவாட்டில், தரையில், ஒரு கை தூரத்தில் உட்காருங்கள். பிள்ளை மூடியைச் சுழற்றுகிறது என்றால் நீங்களும் இன்னொரு மூடியைச் சுழற்றுங்கள். பேச்சைக் குறையுங்கள். அரைக்கண்ணால் உங்கள் மூடியைப் பார்க்கும், அது போதும். அடுத்து உங்கள் மூடியை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். கையை நீட்டினாலோ, சத்தம் கொடுத்தாலோ மறுபடி சுழற்றுங்கள். கேட்டால் கிடைக்கும் என்பதை அந்தப் பிள்ளை உங்களிடம் கற்கும் முதல் பாடம் அது.

வயதுக்கேற்ற பேச்சும் முக்கியம். பதினேழு வயதுப் பையனைக் கன்னத்தைக் கிள்ளி "பாப்பா" என்று கூப்பிடக் கூடாது. "தம்பி" என்றோ பெயர் சொல்லியோ கூப்பிடுங்கள்.

அப்சர்வேஷன் ரெக்கார்டில் என்ன எழுதுவது? "அடம் பிடித்தான்" என்று எழுதினால் கோடு போட்டு அடித்துவிடுகிறார்கள்.

கோடு போடுவது சரிதான். அடம், கோபம், சோம்பல் எல்லாம் உங்கள் முடிவுகள்; கண்ணால் பார்த்தது வேறு. முன்னால் நடந்தது, பிள்ளை செய்தது, பின்னால் நடந்தது என்று மூன்று பத்தி கட்டி எழுதுங்கள். மாதிரிக்கு ஒன்று:

"10.40. ஆசிரியர் 'நோட்டை எடு' என்றார். மாணவன் நோட்டைத் தரையில் போட்டான். மேசையைக் கையால் மூன்று முறை தட்டினான். ஆயா வெளியே அழைத்துச் சென்றார். வாசலைத் தாண்டியதும் தட்டுவது நின்றது. 10.50-க்குத் திரும்பினான். எழுத்து வேலை முடிந்திருந்தது."

இப்படி நான்கைந்து பதிவு சேர்ந்தால் கதை தானே தெரியும்: எழுத்து வேலை வரும்போது தட்டுகிறான், தட்டினால் வேலை போய்விடுகிறது. இனி யோசிக்க வேண்டியது அந்த எழுத்து வேலை அவனுக்கு ஏன் கடினம் என்பதை. பென்சில் பிடி, பார்வை, வேலையின் நீளம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மதிப்பீட்டுக்கு எம்.டி.பி.எஸ்.ஸா, எஃப்.ஏ.சி.பி.யா?

இரண்டுமே பிள்ளைக்கு என்னென்ன செய்யத் தெரியும் என்று குறிக்கும் திறன் பட்டியல்கள். உங்கள் பள்ளி எதைப் பயன்படுத்துகிறதோ அதுவே. சென்னையில் உருவான எம்.டி.பி.எஸ்.ஸில் 18 பகுதிகள், பகுதிக்கு 20 திறன்கள், ஆக 360. ஒவ்வொரு பகுதியிலும் எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் வரிசை இருப்பதால், எங்கே நின்றுவிட்டான் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லலாம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காகச் செகந்திராபாத்தில் இயங்கும் தேசிய நிறுவனம் தயாரித்த எஃப்.ஏ.சி.பி. வகுப்பு நிலை வாரியாக இருக்கும்: முன் தொடக்க நிலை, தொடக்க நிலை இரண்டு, இடைநிலை, தொழில்முன் நிலை என்று. இதில் எவ்வளவு உதவியோடு செய்கிறான் என்பதையும் குறிக்கலாம். தானே செய்தால் கூட்டல் குறி, சொல் உதவிக்கு வி.பி., கை பிடித்துச் செய்வித்தால் பி.பி., வாய்ப்பே கிடைக்காததற்கு என்.இ. ஒரு நிலையில் 80 சதவீதம் தேறினால் அடுத்த நிலை.

இங்கே நடக்கும் பெரிய தவறு, தாயிடம் கேட்டே எல்லாவற்றையும் நிரப்பிவிடுவது. "சட்டை போடுவானா?" என்றால் "போடுவான்" என்பார். பட்டனைப் போடுவது யார் என்று கேட்டால்தான் "அது நான்தான் போட்டுவிடுவேன்" என்பார். முடிந்தவரை செய்யவைத்துப் பாருங்கள். என்.இ. குறியைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். வீட்டில் கத்தியையே தொடவிடாத பிள்ளைக்குக் காய் நறுக்கத் தெரியாது என்று எழுதுவது நியாயமில்லை.

ஐ.இ.பி. இலக்கு எழுதினால் "தெளிவாக இல்லை" என்று திரும்பி வருகிறது.

ஐ.இ.பி. என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக எழுதும் கல்வித் திட்டம். அதில் "கை கழுவக் கற்றுக்கொள்வான்" என்று எழுதினால் திரும்பித்தான் வரும். எப்போது, எங்கே, எந்த உதவியோடு, எவ்வளவு, எத்தனை நாள் என்ற ஐந்தும் வேண்டும். "மதிய உணவுக்கு முன், பள்ளிக் குழாயடியில், சைகை உதவி மட்டும் பெற்று, 10 படிகளில் 8-ஐத் தொடர்ந்து 3 நாள் செய்வான்." இதை வேறு யார் படித்தாலும் அதே மாதிரி அளக்க முடியும். ஒரு பருவத்துக்கு ஒரு பிள்ளைக்கு நான்கைந்து இலக்கு போதும். பதினைந்து எழுதுகிறவர்கள் எதையும் முடிப்பதில்லை.

ஒரு வேலையைப் படிகளாகப் பிரிப்பது எப்படி? கை கழுவுவதையே எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்வோம். மேசையில் உட்கார்ந்து எழுதாமல் அதே குழாயடிக்குப் போய் நீங்களே கழுவிக்கொண்டு எழுதுங்கள். குழாயைத் திறப்பது, இரு கையையும் நனைப்பது, மூடுவது, சோப்பை எடுப்பது, உள்ளங்கையில் தேய்ப்பது, சோப்பை வைப்பது, புறங்கையும் விரலிடுக்கும் தேய்ப்பது, மறுபடி திறந்து நுரை போகக் கழுவுவது, மூடுவது, துண்டில் துடைப்பது: பத்துப் படி. உங்கள் பள்ளியில் வாளியும் குவளையும் என்றால் இந்தப் பட்டியல் செல்லாது. ஒரு கையால் குவளையைச் சாய்த்து மறு கையை நனைப்பது இன்னும் கடினமான வேலை. அது தனிப் பட்டியல்.

பிறகு பிள்ளையைச் செய்யவிட்டு எந்தப் படியில் தடுக்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டு இடம். ஒன்று, திருகுக் குழாய். விரல் வலு குறைந்த பிள்ளைக்கு நெம்புகோல் குழாய் இருந்தால் சிக்கல் பாதி தீரும். மற்றது வழுக்கும் சோப்பு. சோப்பைப் பாதியாக வெட்டி ஒரு வலைப்பையில் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிடுங்கள். கீழே விழாது, எடுப்பது வைப்பது என்ற இரண்டு படியும் மிச்சம்.

எங்கிருந்து கற்பிப்பது என்றால், கடைசிப் படியிலிருந்து தொடங்குவது பல பிள்ளைகளுக்கு ஒத்துவரும். ஒன்பது படியை நீங்கள் கை பிடித்துச் செய்வித்து, துடைப்பதை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். துடைத்தால் வேலை முடிந்தது, சாப்பாடு வருகிறது. முடித்த திருப்தி முதல் நாளே கிடைக்கும். அது நிலைத்ததும் குழாயை மூடுவது, அதற்கும் முன்னால் நுரையைக் கழுவுவது என்று பின்னோக்கி வாருங்கள்.

எவ்வளவு உதவலாம்? உதவாமல் நின்றால் கல் நெஞ்சம் என்று நினைப்பார்களே?

பயிற்சிக்கு வருகிறவர்களிடம் அதிகம் காணும் குறை இதுதான்: உதவி சீக்கிரம் வந்துவிடுகிறது. கேள்வி கேட்ட மறு நொடி "சொல்லு, சொல்லு... ஆப்பிள்! ஆப்பிள் சொல்லு" என்பார்கள். பிள்ளை வாயைத் திறக்க இடமே இல்லை. சொன்னதைக் கேட்டு, புரிந்து, உடம்பை அசைக்க நேரம் வேண்டும். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குப் பத்து, சில சமயம் அதற்கும் மேல். எண்ணும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது எளிதல்ல, பழகத்தான் வேண்டும்.

ஐந்து எண்ணியும் அசையவில்லை என்றால் மிகச் சிறிய உதவியிலிருந்து தொடங்குங்கள். சோப்பைப் பார்வையால் காட்டுவது, பிறகு விரலால் சுட்டுவது, பிறகு முழங்கையை லேசாகத் தொட்டுத் தள்ளுவது, கடைசியாகக் கை மேல் கை வைத்துச் செய்வது. புதிதாகக் கற்கும் வேலைக்கும், தவறினால் ஆபத்தான வேலைக்கும் மட்டும் தலைகீழ்: முழு உதவியில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். சூடான தோசைக்கல் பக்கத்தில் காத்திருந்து பார்க்கும் வேலை கிடையாது.

சொல் உதவி சாதாரணமானது போலத் தோன்றும். ஆனால் கழற்றுவதற்கு அதுதான் கடினம். "குழாயைத் திற... நனை... சோப்பு எடு" என்று தினமும் சொல்லிவந்தால், உங்கள் குரலும் அந்த வேலையின் ஒரு படி ஆகிவிடும். இதற்கு அடையாளம் உண்டு: ஒவ்வொரு படி முடிந்ததும் பிள்ளை தலையைத் திருப்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். அப்படிப் பார்த்தால் எதிரில் நிற்பதை நிறுத்திவிட்டுப் பின்னால் போய் நில்லுங்கள்; சொல்லுக்குப் பதில் குழாயடிச் சுவரில் படிகளின் படங்களை ஒட்டுங்கள். கை பிடிக்க வேண்டியிருந்தாலும் பின்னாலிருந்தே பிடியுங்கள். எதிரில் நின்று பிடித்தால் கை தப்புத் திசையில் திரும்பும்.

கற்றல் கற்பித்தல் உபகரணத்துக்கு எவ்வளவு செலவழிப்பது?

தெர்மாகோலும் ஜிகினாவும் பார்வையிட வருகிற பேராசிரியருக்குப் பிடிக்கலாம். பிள்ளை பிய்த்து வாயில் போடும். உருட்டுப் பாசி, பட்டன் பேட்டரி, பட்டாணி ஆகியவை வாயில் போடும் பழக்கமுள்ள பிள்ளை இருக்கும் வகுப்பில் கூடவே கூடாது. லேமினேட் செய்த அட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பளபளத்துப் படம் தெரியாமல் போகும். பிள்ளையின் இடத்தில் உட்கார்ந்து ஒரு முறை பாருங்கள்.

காசு கற்பிக்க அசல் காசுதான் வேண்டும். நகல் எடுத்து வெட்டிய வட்டங்களில் கற்றவன் பெட்டிக்கடையில் முழிப்பான். அசல் காசிலும் ஒரு சிக்கல் உண்டு. 2011 வரிசை ஒரு ரூபாய் ஏறக்குறைய 22 மில்லிமீட்டர். 2019 வரிசை இரண்டு ரூபாய் 23. இரண்டும் வெள்ளை நிறம். அளவை வைத்துப் பிரிக்கச் சொன்னால் எந்தப் பிள்ளையும் தடுமாறும். ஆகவே முதலில் ஒரே வரிசைக் காசுகளில் தொடங்குங்கள். மஞ்சள் நிற ஐந்து ரூபாயையும் வெள்ளை ஒரு ரூபாயையும் பிரிக்கட்டும். எண்ணைப் பார்த்துச் சொல்வது உறுதியான பிறகு கலந்து கொடுங்கள். வாயில் போடுகிற பிள்ளைக்குக் காசைக் கெட்டி அட்டையில் ஒட்டிக் கொடுங்கள்.

அடித்தால், கடித்தால், தலைமுடியைப் பிடித்தால்?

முடியைப் பிடித்தால் உங்கள் தலையைப் பின்னுக்கு இழுக்காதீர்கள். பிள்ளையின் கையை உங்கள் தலையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு உதவிக்குக் கூப்பிடுங்கள். இழுவை இல்லாதபோது வலி குறையும், பிடியும் தளரும். கடிக்கும்போதும் வெடுக்கென்று இழுத்தால் சதை கிழியும். கத்தாதீர்கள், முகத்தில் எதையும் காட்டாதீர்கள். தோல் கிழிந்திருந்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பதிவேட்டிலும் எழுத வேண்டும்.

பிறகு அந்த மூன்று பத்திப் பதிவுக்கு வாருங்கள். கவனம் வேண்டியா, வேலையைத் தட்டிக்கழிக்கவா, பொருள் வேண்டியா, உடம்பு சரியில்லையா? பேசாத பிள்ளை திடீரென்று தலையில் அடித்துக்கொள்ளத் தொடங்கினால் முதலில் காது, பல், மலச்சிக்கல் பாருங்கள். கவனத்துக்காகச் செய்வதைக் கண்டுகொள்ளாமல் விடுவதாக முடிவெடுத்தால், முதல் சில நாட்கள் அது கூடும் என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். நடுவில் மனம் இளகிக் கவனித்துவிட்டால், இன்னும் பலமாகச் செய்தால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்தது போலாகும்.

திருப்பி அடிப்பது, நாற்காலியில் கட்டுவது, அறையில் பூட்டுவது எதற்கும் இடமில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது. "இவனுக்கு இரண்டு போட்டால்தான்" என்று பெற்றோரே சொன்னாலும் அது அனுமதி ஆகாது.

பரிசாகச் சாக்லேட் கொடுக்கலாமா?

கடைசி வழியாக. முதலில் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று நான்கைந்து பொருளைப் பரப்பி வைத்துப் பாருங்கள். சிலருக்குக் கைதட்டலைவிட ஃபேன் சுவிட்சைப் போடுவது பெரிய பரிசு. எதுவானாலும் செய்த உடனே தரவேண்டும். சாயங்காலம் தருகிற நட்சத்திரத்துக்கும் காலையில் மாட்டிய பட்டனுக்கும் தொடர்பு இருப்பது பிள்ளைக்குத் தெரியாது. உண்ணும் பொருள் என்றால் மிகச் சிறு துண்டு, அதுவும் சர்க்கரை, ஒவ்வாமை, விழுங்கும் சிரமம் பற்றி வீட்டில் கேட்ட பிறகு.

வகுப்பில் வலிப்பு வந்தால்?

மணியைப் பாருங்கள். சுற்றியுள்ள மேசை நாற்காலியை நகர்த்தி, தலைக்கடியில் மடித்த துண்டை வைத்து, ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். காலரைத் தளர்த்துங்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் ஸ்பூன், துணி, விரல் எதுவும் வேண்டாம். சாவிக்கொத்தையோ இரும்பையோ கையில் திணிப்பதால் வலிப்பு நிற்காது. பெரும்பாலான வலிப்பு சில நிமிடங்களில் தானே நிற்பதால் அப்படித் தோன்றுகிறது. முழு நினைவு வரும்வரை தண்ணீர் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் மறுபடி வந்தாலோ, அடிபட்டிருந்தாலோ, அந்தப் பிள்ளைக்கு அதுவே முதல் முறை என்றாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் கவனிக்க வேண்டியது?

நிமிர்ந்த உட்கார்வு, பாதம் தரையில் அல்லது பலகையில் ஊன்றியிருப்பது, தாடை சற்றுத் தாழ்ந்திருப்பது. நின்றபடி ஊட்டினால் பிள்ளை அண்ணாந்து வாங்கும், புரையேறும். நீங்களும் உட்கார்ந்து, அதன் கண் மட்டத்திலிருந்து ஊட்டுங்கள். முந்தைய வாய் இறங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்தது. ரசம் சோறு மாதிரி நீரும் பருக்கையும் கலந்தது விழுங்கும் சிரமம் உள்ளவர்களுக்குக் கடினம். மசித்த கெட்டியான பதம் எளிது. சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கவைக்காதீர்கள்.

ஆயா எனக்கு முன்பே எல்லாவற்றையும் செய்துவிடுகிறார். எப்படிச் சொல்வது?

சொல்வதற்கு முன் கேளுங்கள். பத்துப் பதினைந்து வருடமாக அந்தப் பிள்ளைகளோடு இருப்பவர்; யாருக்கு மழை நாளில் கால் இறுகும் என்பதுகூட அவருக்குத் தெரியும். "அக்கா, இவன் கையைத் துடைக்கிறதை மட்டும் இந்த வாரம் அவனே செய்யட்டுமா? லேட்டானா நான் பாத்துக்கறேன்" என்று ஒரே ஒரு படிக்கு அனுமதி கேளுங்கள். எட்டுப் பிள்ளைகளை அரை மணிக்குள் சாப்பிடவைக்க வேண்டிய அவசரத்தில்தான் அவர் செய்துவிடுகிறார். அந்த நேரத்தைப் பகிர்ந்துகொண்டால் ஒத்துழைப்பார்.

"மிஸ், இவன் எப்போ பேசுவான்?" என்று தாய் கேட்டால்?

தேதி சொல்லாதீர்கள், "பேசவே மாட்டான்" என்றும் சொல்லாதீர்கள். இரண்டும் உங்கள் வேலை இல்லை. இப்போது எப்படித் தெரிவிக்கிறான் என்பதைக் காட்டுங்கள்: "தண்ணி வேணும்னா டம்ளர் படத்தைத் தொடுறான்மா. வீட்லயும் ஒண்ணு ஒட்டிப் பாருங்க." படம் காட்டிப் பழகினால் பேச்சே வராமல் போய்விடும் என்ற பயம் வீடுகளில் பரவலாக உண்டு. அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்பதை மெதுவாகச் சொல்லுங்கள். மருந்து, தெரபி, சான்றிதழ் பற்றிய கேள்விகளைக் கைடு டீச்சரிடம் அனுப்பிவிடுங்கள்.

வளர்ந்த மாணவர்கள் கட்டிப்பிடித்தால்? உடலைத் தொட்டுக்கொண்டால்?

கட்டிப்பிடிக்க வந்தால் கையை நீட்டி வணக்கமோ கைகுலுக்கலோ கற்றுக்கொடுங்கள். பள்ளியில் எல்லோரும் அதையே செய்ய வேண்டும், ஒருவர் அணைத்தாலும் பாடம் கெடும். தன்னைத் தொட்டுக்கொள்வதைக் கண்டால் அதட்டாமல், கைக்கு வேறு வேலை கொடுங்கள். அது தனி இடத்துக்கானது என்பதை அமைதியாக, ஒரே சொற்களில் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். உடை மாற்றும்போது காயமோ பயமோ தென்பட்டால் நீங்களே விசாரணை நடத்தாதீர்கள். பார்த்ததைத் தேதியோடு எழுதித் தலைமையாசிரியரிடம் அன்றே சொல்லுங்கள். பாலியல் கொடுமை என்ற சந்தேகம் இருந்தால் போக்சோ சட்டம் 2012-ன்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். பயிற்சி ஆசிரியர் என்பதால் விலக்கு இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098.

வகுப்புப் படங்களை ஸ்டேட்டஸில் வைக்கலாமா?

கூடாது. ரெக்கார்டு நோட்டில் படம் வேண்டுமென்றாலும் பள்ளியிடமும் பெற்றோரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பெயருக்குப் பதில் முதலெழுத்து போதும்.

அப்சர்வர் வந்த அன்று பிள்ளை ஒத்துழைக்கவே இல்லை. மதிப்பெண் போய்விடுமா?

புதிய ஆள் பின்னால் உட்கார்ந்தாலே வகுப்பு மாறும். பார்க்க வருகிறவருக்கும் அது தெரியும். அவர் பார்ப்பது நீங்கள் அப்போது என்ன செய்தீர்கள் என்பதை. பாடக்குறிப்பிலேயே ஒவ்வொரு செயலுக்கும் ஒரு எளிய வடிவத்தை எழுதி வைத்திருங்கள்: ஐந்து படத்துக்குப் பதில் இரண்டு, எழுதுவதற்குப் பதில் ஒட்டுவது. நாற்பது நிமிடத்தை ஒரே நீட்டாகத் திட்டமிடாமல் பத்து நிமிடத் துண்டுகளாக, நடுவில் எழுந்து நடக்கும் ஒரு வேலையோடு அமையுங்கள். பிள்ளை எழுந்து ஓடினால் பொருளை வாசலுக்கே எடுத்துப் போய் அங்கே இரண்டு கேள்வி முடித்துவிட்டு வரலாம். அதைக் குறையாக எழுதும் அப்சர்வர் அரிது.

பயிற்சி முடிந்து கிளம்பும்போது என்ன செய்ய வேண்டும்?

ஒரு வாரம் முன்பே நாட்காட்டியில் கடைசி நாளைக் குறித்து, தினமும் ஒரு கட்டத்தைப் பிள்ளைகளை விட்டே அடிக்கவையுங்கள். சொல்லாமல் காணாமல் போகும் ஆசிரியர்களைச் சில பிள்ளைகள் வாசலில் நின்று தேடும். உங்கள் இலக்குகள் ஒவ்வொன்றும் எந்தப் படியில், எந்த உதவியில் நிற்கிறது என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கைடு டீச்சரிடம் கொடுங்கள்: "கை கழுவுதல்: 7 முதல் 10 வரை தானே செய்கிறாள். 6-இல் முழங்கையைத் தொட்டால் போதும். சொல் உதவி வேண்டாம்." ரெக்கார்டு நோட்டு உங்களோடு கல்லூரிக்குப் போய்விடும் என்பதால் இந்தப் பக்கத்தின் நகல் பிள்ளையின் கோப்பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வருகிறவர் முதல் படியிலிருந்து கை பிடிக்கத் தொடங்குவார்.